நானோபார்ட்டிகிள் ஆராய்ச்சிக்கு பொது லேபை முழுசா பயன்படுத்தறது எப்படி: பிஎச்டி, போஸ்ட்டாக் மக்களுக்கான வழிகாட்டி

நானோபார்ட்டிகிள் தயாரிக்கிறது இப்போ அவ்வளவு பெரிய கஷ்டம் இல்ல. ஒரு ஹாட் பிளேட், ஸ்டிரர், சுத்தமான தண்ணி, ரெண்டு மூணு கெமிக்கல் இருந்தா எந்த சின்ன லேப்லயும் பண்ணிடலாம். ஆனா பண்ணினது எத்தனை நானோமீட்டர், எல்லாம் ஒரே சைஸா, உள்ள என்ன கிரிஸ்டல், மேல என்ன ஒட்டியிருக்குன்னு காட்டணும்னு வரும்போதுதான் சிக்கல், ஏன்னா அதுக்கு வேணும்கிற எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பு, எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்ரே அடிச்சு மேற்பரப்புல என்ன இருக்குன்னு பாக்கறது) மாதிரி மிஷினெல்லாம் ஒரு தனி குரூப் வாங்கி வெச்சு பராமரிக்க முடியற சமாச்சாரமே இல்ல. அதனாலதான் சென்ட்ரல் ஃபெசிலிட்டி, யூசர் ஃபெசிலிட்டின்னு பொது லேபுகள் இருக்கு. பெரிய குரூப்ல இல்லாதவங்களுக்கு, இப்பதான் ஆரம்பிக்கிறவங்களுக்கு, இதுதான் உண்மையான வாசல்.

நிறைய பேர் அங்க போறாங்க, சாம்பிளை குடுக்கறாங்க, படத்தை வாங்கிட்டு வந்துடறாங்க. அந்த மிஷினை வருஷக்கணக்கா ஓட்டற ஆளு பக்கத்துலயே உக்காந்திருக்காரு, அவர்கிட்ட ஒரு கேள்வி கூட கேக்கல. என்னைக் கேட்டா அவரோட அனுபவத்தையும் சேர்த்து வாங்கிட்டு வந்தாதான் பொது லேபுக்கு போனதுக்கு அர்த்தம், இந்த வழிகாட்டி முழுக்க அதை மனசுல வெச்சுதான் எழுதறேன்.

1. சாம்பிளுக்கு முன்னாடி கேள்வி

பொதுவா 1ல இருந்து 100 நானோமீட்டர் வரைக்கும் உள்ளதைத்தான் நானோன்னு சொல்றோம். இந்த அளவுல சைஸ் மாறினாலே குணம் மாறும். தங்கத்தோட நிறம் மாறும், உருகுற வெப்பநிலை இறங்கும், குவாண்டம் டாட்ங்கற குட்டி செமிகண்டக்டர் துகள் வேற வேற கலர்ல ஒளிரும். அப்போ உங்க கேள்வியும் அந்த மாற்றத்தைப் பத்தினதா இருக்கணும். "நான் சில்வர் நானோபார்ட்டிகிள் பண்ணேன், கேரக்டரைஸ் பண்ணணும்"ங்கறது கேள்வி இல்ல. "10 நானோமீட்டர் துகளும் 40 நானோமீட்டர் துகளும் ஒரே மேற்பரப்பளவுக்கு ஒரே அளவு வெள்ளி அயனியை வெளிய விடுதா?"ங்கறது கேள்வி. ரெண்டாவது மாதிரி கேட்டீங்கன்னா எந்த மிஷின் வேணும், எத்தனை சாம்பிள் வேணும், எதை வெச்சு ஒப்பிடணும், எல்லாம் தானா வந்து நிக்கும்.

கேள்வியை ஒரு பேப்பர்ல எழுதி, பக்கத்துல "எந்த ஒரு நம்பர் வந்தா இதுக்கு ஆமாம்னு சொல்வேன், எது வந்தா இல்லன்னு சொல்வேன்"னு எழுதிப் பாருங்க. எழுத வரலைன்னா இன்னும் லேப் தேட வேண்டாம், கைடுகூட உக்காந்து இன்னொரு தடவை பேசுங்க.

2. சொந்த லேப்லயே முடிச்சுட்டு கிளம்ப வேண்டியது

பொது லேப்ல ஒரு மணி நேரத்துக்கும் மதிப்பு இருக்கு, வரிசையில பத்து பேர் நிப்பாங்க. அதனால உங்க சாம்பிள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருதான்னு இங்கயே உறுதி பண்ணிடுங்க. ஒரே ரெசிபியில குறைஞ்சது மூணு பேட்ச், மூணையும் சாதாரண யூவி விசிபிள்ல (எந்த அலைநீள வெளிச்சத்தை எவ்வளவு உறிஞ்சுதுன்னு காட்டற மிஷின்) போட்டு ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாருங்க. தங்கம்னா சின்ன உருண்டைத் துகளுக்கு 520 நானோமீட்டர் பக்கம் பீக் வரும், வெள்ளின்னா 400 பக்கம். தங்கத்துல 600, 700 பக்கம் ஒரு தோள் மாதிரி மேடு எழும்பினா அது பெரும்பாலும் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட ஆரம்பிச்சதுக்கு அடையாளம். இந்த ஒரு கிராஃபே பாதி விஷயத்தை சொல்லிடும், இதை பாக்காம நேரா டெம்முக்கு (டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பு) ஓடாதீங்க.

முதல் தடவை பண்றவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது சிட்ரேட் முறையில தங்கம் பண்ணிப் பாருங்கன்னுதான். டர்கெவிச் 1951ல குடுத்த முறை, 1973ல ஃப்ரென்ஸ் அதுல சைஸை எப்படி மாத்தலாம்னு காட்டினார். 0.01% குளோரோஆரிக் அமிலக் கரைசல் 50 மில்லி கொதிச்சுட்டு இருக்கும்போது 1% ட்ரைசோடியம் சிட்ரேட் கரைசலை ஊத்தணும். 1 மில்லி ஊத்தினா சுமார் 16 நானோமீட்டர், 0.5 மில்லின்னா சுமார் 41. குறைச்சு ஊத்தினா பெருசாகும், ஏன்னா மொதல்ல உருவாகிற விதைகளோட எண்ணிக்கை குறையுது, இருக்கற தங்கமெல்லாம் அந்த கொஞ்ச விதை மேலயே போய் படியுது. ஊத்தினதும் கண்ணை எடுக்காம பாருங்க, லேசான மஞ்சள் போய் நிறமே இல்லாம ஆகும், அப்புறம் நீலமும் கருப்பும் கலந்த மாதிரி இருட்டும், அங்க இருந்து ஊதா, கடைசியா நல்ல சிவப்பு. அந்த சிவப்பு வராம ஊதாவுலயே நின்னா பெரும்பாலும் பாத்திரம் சுத்தமில்ல, இல்ல தண்ணியில உப்பு இருக்கு. (ஃபாரடே 1857ல ஆராய்ச்சி பண்ணின சிவப்புத் தங்கக் கரைசல்ல சில பாட்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல இன்னமும் இருக்கு, அவ்வளவு நாள் தாங்கும்.)

பாத்திரம் கழுவ அக்வா ரீஜியா பயன்படுத்தறவங்களுக்கு: ஹைட்ரோகுளோரிக் 3 பங்கு, நைட்ரிக் 1 பங்கு, ஃப்யூம் ஹூட் உள்ள மட்டும், தேவையான அளவு அப்பப்போ கலக்கிக்கணும். மூடி போட்டு எடுத்து வைக்கவே கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். அசிட்டோன், எத்தனால் மாதிரி எதுவும் கிட்ட வரக்கூடாது.

ஏன் சில ரெசிபி ஒரே சைஸா குடுக்குது, சிலது கலந்து கட்டி குடுக்குதுன்னு புரிஞ்சுக்கறது முக்கியம். 1950ல லமெர் சொன்ன விளக்கம் இன்னைக்கும் ஆரம்பிக்க நல்ல இடம்: விதை உருவாகிற கட்டம் ஒரே வெடிப்பா நடந்து சட்டுனு நின்னுடணும், அதுக்கப்புறம் வளர்ச்சி மட்டும் நடக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல இழுத்துக்கிட்டே போனா மொதல்ல பொறந்தது பெருசா, கடைசியா பொறந்தது சின்னதா இருக்கும். பவெண்டி குரூப் 1993ல சூடான கரைப்பான்ல கரைசலை ஒரே அடியா செலுத்தி குவாண்டம் டாட் பண்ணினதும் இதே தத்துவம்தான், 2023ல வேதியியல் நோபல் அவருக்கும் புரூஸுக்கும் எகிமோவுக்கும் குடுத்தாங்க. உங்க ரெசிபியில எந்த கட்டத்துல எது நடக்குதுன்னு சொல்லத் தெரிஞ்சா ஃபெசிலிட்டியில இருக்கறவங்க உங்களை வேற மாதிரி மதிப்பாங்க.

3. எந்த மிஷின் எதை சொல்லும், எதை சொல்லாது

டிஎல்எஸ் (டைனமிக் லைட் ஸ்கேட்டரிங்). எல்லாரும் மொதல்ல போடறது இதைத்தான், அதிகமா தப்பா புரிஞ்சுக்கறதும் இதைத்தான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். இது துகளை நேரடியா பாக்கறது இல்ல. தண்ணிக்குள்ள துகள் எவ்வளவு வேகமா அலைபாயுதுன்னு லேசர் வெளிச்சம் சிதறற விதத்துல இருந்து கண்டுபிடிச்சு, அதுல இருந்து கணக்குப் போட்டு விட்டத்தை சொல்லும். அந்த விட்டத்துல மேல இருக்கற பாலிமர், கூடவே இழுத்துட்டுப் போற தண்ணி எல்லாம் சேரும், அதனால டெம் 20ன்னும் டிஎல்எஸ் 32ன்னும் சொன்னா ரெண்டும் சரியாவே இருக்கலாம். பெரிய விஷயம் என்னன்னா சின்னத் துகள்கள்ல சிதறற வெளிச்சம் விட்டத்தோட ஆறாவது அடுக்குல ஏறும். 100 நானோமீட்டர்ல ஒரே ஒரு துகள், 10 நானோமீட்டர்ல 10 லட்சம் துகள்கள் குடுக்கற வெளிச்சத்தைக் குடுக்கும். வெடிச் சத்தத்துல கொலுசு சத்தம் கேக்காத மாதிரி, ரெண்டு தூசி விழுந்தாலே உங்க நிஜமான துகள் காணாம போயிடும். அதனால கரைப்பானை 0.2 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டுங்க, சாம்பிள் ஊத்தற குவெட்டை தூசி இல்லாம கழுவுங்க, வெப்பநிலை நிலைக்கிற வரைக்கும் காத்திருங்க, சாம்பிளை ரெண்டு மூணு நீர்ப்பு அளவுல போட்டு சைஸ் மாறாம இருக்கான்னு பாருங்க. நானோராடு, அதாவது குச்சி மாதிரி துகள் போடறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: 5, 10 நானோமீட்டர் பக்கம் ஒரு பீக் வரும், அது சின்னத் துகள் இல்ல, ராடு சுழலறதுனால வர்ற சிக்னல். அதை "ரெண்டு வகை துகள் இருக்கு"ன்னு பேப்பர்ல எழுதிடாதீங்க.

ஜீட்டா பொட்டென்ஷியல். கரைசல்ல துகளோட மேற்பரப்பு மின்னூட்டம் எப்படின்னு காட்டற நம்பர் இது. பிளஸ் 30க்கு மேல, இல்ல மைனஸ் 30க்கு கீழ மில்லிவோல்ட் இருந்தா நிலையா இருக்கும்னு ஒரு பழக்கக் கணக்கு இருக்கு. பாலிமர் போர்த்தின துகள் 5 மில்லிவோல்ட்லயும் மாசக்கணக்குல நிலையா இருக்கும், அதனால இதை சட்டமா எடுத்துக்காதீங்க. பிஎச்சும் உப்பு அளவும் சொல்லாத ஜீட்டா நம்பருக்கு மதிப்பே கிடையாது.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன்). பவுடர் இருந்தா போதும், எந்த கிரிஸ்டல்னு தெளிவா சொல்லிடும். பீக் அகலத்துல இருந்து ஷெரர் சமன்பாடு போட்டு சைஸ் எடுப்பாங்க, அது கிரிஸ்டலைட் (ஒரே சீரா அடுக்கின ஒரு கிரிஸ்டல் துண்டு) சைஸ்தான், துகளோட சைஸ் இல்ல. ஒரு துகளுக்குள்ளயே பல கிரிஸ்டலைட் இருக்கலாம். மிஷினே கொஞ்சம் அகலம் சேர்க்கும், அதை லாந்தனம் ஹெக்ஸாபோரைடு மாதிரி ஸ்டாண்டர்டு வெச்சு கழிக்கணும், கழிக்காத நம்பரை டேபிள்ல போடறதை நான் நிறைய பார்க்கிறேன். 100 நானோமீட்டருக்கு மேல போனா ஷெரர் நம்பகமில்ல.

டெம். கண்ணால பாக்கறோம்ங்கறதுனால எல்லாரும் இதை கண்ணை மூடிட்டு நம்பறாங்க. சாம்பிளைத் தாங்கற கிரிட்ங்கற சின்ன உலோக வலை மேல காய்ஞ்ச துளியில துகள்கள் கூட்டமா இருந்தா கரைசல்லயும் கூட்டமாதான் இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல, காயும்போதே ஓரத்துக்கு இழுத்துட்டு வந்து குவிச்சிருக்கும். அதை டிஎல்எஸ்ஸோ யூவியோ வெச்சுதான் முடிவு பண்ணணும்.

எக்ஸ்பிஎஸ் மேல இருக்கற 5, 10 நானோமீட்டரை மட்டும் பாக்கும், அதனால மேல்பூச்சு பத்தின கேள்விக்கு அதுதான். சாக்ஸ் (எக்ஸ்ரே சின்னக் கோணத்துல சிதறறதை அளக்கறது) ஒரே அளவீட்டுல கோடிக்கணக்கான துகளோட சராசரியை எடுக்கும், டெம்ல எண்ணின 300 துகள் மொத்தத்துக்கும் பொருந்துதான்னு பாக்க அருமையான துணை. ஐசிபி எம்எஸ் கரைசல்ல எவ்வளவு உலோகம் இருக்குன்னு சொல்லும், மருந்து சம்பந்தமான வேலைன்னா இது இல்லாம டோஸ் பேசவே முடியாது.

சைஸ் அளவீடு எதா இருந்தாலும் தெரிஞ்ச சாம்பிள் ஒண்ணை கூடவே ஓட்டுங்க. அமெரிக்க அளவியல் நிறுவனமான நிஸ்ட்டோட தங்க நானோபார்ட்டிகிள் ரெஃபரன்ஸ் மெட்டீரியல் ஆர்எம் 8011, 8012, 8013ன்னு இருக்கு, பேருக்கு 10, 30, 60 நானோமீட்டர். பல ஃபெசிலிட்டியில இந்த மாதிரி ஏதாவது ஸ்டாக் வெச்சிருப்பாங்க, கேட்டா குடுப்பாங்க.

4. லேபை தேடறது

முதல்ல உங்க வளாகத்துக்குள்ளயே தேடுங்க, பக்கத்து டிபார்ட்மென்ட்ல இருக்கற மிஷினே தெரியாம வேற ஊருக்கு சாம்பிள் அனுப்பறவங்க நிறைய. அடுத்து தேசிய அளவு. அமெரிக்காவுல எரிசக்தித் துறையோட அஞ்சு நானோ மையங்கள் இருக்கு, பெர்க்லியில மாலிக்யூலர் ஃபவுண்டரி, புரூக்ஹேவன், ஆர்கோன், ஓக் ரிட்ஜ்ல ஒண்ணொண்ணு, சாண்டியாவும் லாஸ் அலமோஸும் சேர்ந்து நடத்தற சின்ட். முடிவை வெளிப்படையா பேப்பரா போடறதா இருந்தா, ப்ரொபோசல் தேர்வானா கட்டணமே இல்ல, வெளிநாட்டுல இருக்கறவங்களும் போடலாம். ஐரோப்பாவுல என்எஃப்எஃப்ஏ யூரோப்ங்கற திட்டம் ஒரே ப்ரொபோசல்ல பல நாட்டு லேபுகளை திறந்து விட்டிருக்கு. இந்தியாவுல நானோ எலக்ட்ரானிக்ஸ் யூசர் திட்டம் ஐஎன்யூபி, ஐஐஎஸ்சியும் ஐஐடி பம்பாயும் ஆரம்பிச்சது, வெளியில இருந்து வர்றவங்களுக்கு கைப்பழக்கப் பயிற்சியும் குடுக்கும். எந்த மிஷின் எங்க இருக்குன்னு தேட ஐஸ்டெம் போர்ட்டல் இருக்கு. ஜோர்டான்ல செசமி சின்க்ரோட்ரான் (ரொம்ப பலமான எக்ஸ்ரே குடுக்கற பெரிய மையம்) 2017ல திறந்தாங்க, பல நாடுகள் சேர்ந்து நடத்தறது. ஆஸ்திரேலியாவுல ஏஎன்எஃப்எஃப்னு தேசிய ஃபேப்ரிகேஷன் லேபுகளோட கூட்டமைப்பு இருக்கு.

லேப் தேர்ந்தெடுக்கும்போது மிஷின் மாடலை மட்டும் பாக்காதீங்க. அந்த மிஷின்ல இருந்து உங்க மாதிரி சாம்பிளுக்கு பேப்பர் வந்திருக்கான்னு பாருங்க, சொந்தமா ஓட்ட ட்ரெய்னிங் குடுப்பாங்களா இல்ல ஆப்பரேட்டர் மட்டும்தான் ஓட்டுவாரான்னு கேளுங்க. ஆரம்ப கட்டத்துல இருக்கறவங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கற கொஞ்சம் பழைய மிஷின், தொட விடாத புது மிஷினை விட நூறு மடங்கு நல்லது. இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

5. ப்ரொபோசலுக்கு முன்னாடி ஒரு மெயில்

"எனக்கு டெம் எடுக்கணும், எப்போ வரலாம்?"னு வர்ற மெயிலுக்கு பதில் தாமதமா வந்தா அவங்களை குறை சொல்ல முடியாது, அதுல பதில் சொல்ல ஒண்ணுமே இல்ல. மெயில்ல இதெல்லாம் இருக்கட்டும்: துகள் என்ன, தோராயமா என்ன சைஸ், எந்த கரைப்பான்ல இருக்கு, மேல என்ன லிகண்ட் (ஒட்டியிருக்கற மூலக்கூறு), காந்தத் தன்மை உண்டா, விஷத்தன்மை உண்டா, காத்துல ஆக்ஸிடைஸ் ஆகுமா, எத்தனை சாம்பிள், என்ன தெரிஞ்சுக்கணும். கூடவே உங்க யூவி கிராஃபை இணைச்சுடுங்க. அவ்வளவுதான், அரைப் பக்கம் போதும். இப்படி அனுப்பினா பல நேரம் "இதுக்கு டெம் வேண்டாம், சாக்ஸ் போடுங்க"ன்னு பதில் வரும், அந்த ஒரு வரி உங்க நாள் பலதை மிச்சம் பண்ணும்.

ப்ரொபோசல் எழுதறப்போ மதிப்பீடு பண்றவங்க பாக்கறது ரொம்ப நேரடியான விஷயங்கள்தான். கேள்வி தெளிவா இருக்கா, இந்த லேப்ல மட்டும்தான் முடியுமா, கேட்ட நேரம் நியாயமானதா, சாம்பிள் ரெடியா, ஆபத்தை யோசிச்சிருக்காங்களா. நேரக் கணக்கை விளக்கமா எழுதுங்க, ஒரு சாம்பிள் ஏத்த இவ்வளவு, வேக்குவம் வர இவ்வளவு, அளவிட இவ்வளவு, ஆக மொத்தம் இத்தனை ஷிஃப்ட்னு. இது எழுதினாலே அனுபவம் உள்ள ஆளு எழுதினதுன்னு தெரியும். சின்க்ரோட்ரான் மாதிரி இடங்கள்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை மாதிரிதான் அழைப்பு வரும், கடைசி தேதியை இப்பவே குறிச்சு வைங்க. அவசரத்துக்கு சின்ன நேரம் குடுக்கற ரேபிட் ஆக்சஸ், சாம்பிளை தபால்ல அனுப்பற முறையும் சில இடங்கள்ல உண்டு. நிராகரிச்சா கமெண்ட்டை வரி வரியா படிச்சு அடுத்த அழைப்புக்கு மறுபடி போடுங்க, முதல் தடவை போகாம ரெண்டாவது தடவை போறது ரொம்ப சகஜம்.

6. சாம்பிளை தயார் பண்றது

டெம்முக்கு போறவங்க தோத்துப் போறது பெரும்பாலும் இங்கதான். கரைசல்ல மிச்சம் இருக்கற சிடாப் மாதிரி சர்ஃபாக்டன்ட், பிவிபி மாதிரி பாலிமர் கிரிட் மேல காய்ஞ்சு படலமா நிக்கும், எலக்ட்ரான் பீம் பட்டதும் அந்த இடத்துல கார்பன் சேர்ந்து நீங்க பாக்கற சதுரம் கண் முன்னாடியே கருத்துட்டே போகும். அதனால சென்ட்ரிஃப்யூஜ்ல கழுவணும், ஆனா கழுவறதுலயும் அளவு இருக்கு, சிட்ரேட் தங்கத்தை ரொம்ப கழுவினா மேல காவல் இருக்கற சிட்ரேட்டும் போயி துகள்கள் ஒட்டிக்கும். ஒவ்வொரு தடவை கழுவினதும் யூவி எடுத்துப் பாருங்க. அப்புறம் நீர்த்து, 5 மைக்ரோலிட்டர் அளவுல ஒரு துளி கிரிட் மேல விட்டு, ஒரு நிமிஷம் கழிச்சு ஃபில்டர் பேப்பர் ஓரத்தால மிச்சத்தை உறிஞ்சிட்டு, நல்லா காய விடுங்க, முடிஞ்சா ராத்திரி முழுக்க வேக்குவம்ல வைங்க. ஒரே சாம்பிளுக்கு ரெண்டு மூணு நீர்ப்பு அளவுல கிரிட் எடுத்துட்டுப் போங்க.

கிரிட் எந்த உலோகம்னு கவனிங்க. சாதாரணமா காப்பர் கிரிட்தான் குடுப்பாங்க, நீங்க காப்பர் நானோபார்ட்டிகிள் பண்ணிட்டு அதுலயே ஈடிஎக்ஸ் (எந்த தனிமம்னு காட்டற எக்ஸ்ரே அளவீடு) எடுத்தா வர்ற காப்பர் பீக் கிரிட்டோடதா துகளோடதான்னு பிரிக்கவே முடியாது. அப்போ நிக்கல் கிரிட்டோ தங்க கிரிட்டோ கேளுங்க.

காந்தத் துகள்கள், அதாவது இரும்பு ஆக்ஸைடு, கோபால்ட், நிக்கல் வெச்சிருக்கறவங்க இதை கட்டாயம் படிங்க. டெம்ல லென்ஸே பலமான காந்தம். கிரிட்ல சரியா ஒட்டாத காந்தத் துகள் பிய்ச்சுக்கிட்டு போய் லென்ஸோட முனையில ஒட்டிக்கும், அதை சுத்தம் பண்ண மைக்ரோஸ்கோப்பையே பிரிக்கணும், எல்லாரோட வேலையும் நின்னு போகும். அதனால சாம்பிள் காந்தமான்னு மறைக்காம முன்கூட்டியே சொல்லிடுங்க. ரொம்ப மெல்லிசா போடறது, ரெண்டு படலத்துக்கு நடுவுல சாம்பிளை அடைக்கிற கிரிட் பயன்படுத்தறதுன்னு அவங்ககிட்ட வழி இருக்கும். சொல்லாம போட்டு மாட்டிக்கிட்டா அந்த லேப் உங்க குரூப்புக்கே மூடிடும்.

எக்ஸ்பிஎஸ்ஸுக்கு போற சாம்பிளை வெறும் கையால தொடாதீங்க, கிரீஸ், சிலிக்கோன் எதுவும் பக்கத்துல வேண்டாம். எக்ஸ்ஆர்டிக்கு பவுடர் கொஞ்சமா இருந்தா ஜீரோ பேக்கிரவுண்ட் ஹோல்டர் (தானா சிக்னல் குடுக்காத சாம்பிள் தட்டு) இருக்கான்னு கேளுங்க.

7. உங்களுக்கு ஒதுக்கின ஸ்லாட் அன்னைக்கு

மொதல்ல சுலபமான சாம்பிளை ஏத்துங்க, மிஷின் சரியா இருக்குன்னு தெரிஞ்சதுக்கப்புறம் கஷ்டமானதுக்கு போங்க. மூணு நிலை உருப்பெருக்கத்துல படம் எடுங்க: மொத்தக் கூட்டம் தெரியற மாதிரி, எண்ணறதுக்கு வசதியா, லேட்டிஸ் கோடு (அணுக்களோட வரிசை) தெரியற மாதிரி. கிரிட்டோட நாலைஞ்சு வேற வேற இடத்துல எடுங்க, அழகான இடத்துல மட்டும் எடுக்காதீங்க. ஒரே இடத்தை திரும்ப எடுத்து துகள் பீம்ல உருகுதா நகருதான்னும் பாருங்க, சின்ன வெள்ளித் துகள், பாலிமர் எல்லாம் பீம் தாங்காது.

ஆப்பரேட்டர் ஏதாவது நாபை திருப்பினா "இதை ஏன் இப்போ திருப்பினீங்க?"ன்னு கேளுங்க. வேலை மும்முரத்துல இருந்தா நோட்ல குறிச்சு வெச்சு முடிஞ்சதும் கேளுங்க. அவங்க பேரை, சொன்ன அமைப்பை, மின்னழுத்தத்தை, டிடெக்டரை எல்லாம் எழுதுங்க. ஆப்பரேட்டர் அண்ணன், அக்கா யாரா இருந்தாலும் உங்களை விட ஆயிரக்கணக்கான சாம்பிள் அதிகம் பாத்தவங்க. "இது துகள் மாதிரி இல்லையே, உப்பு கிரிஸ்டல் மாதிரி இருக்கே"ன்னு அவங்க சொல்ற ஒரு வார்த்தை பேப்பரையே காப்பாத்தும்.

8. டேட்டா

மிஷினோட சொந்த ஃபார்மேட்ல ஒரிஜினல் ஃபைலை கட்டாயம் வாங்கிட்டு வாங்க. ஸ்கேல் பார் பதிஞ்ச ஜேபெக் படத்துல தகவல் பாதி போயிடும், மறுபடி அளவிட முடியாது. ஃபைல் பேர்ல தேதி, சாம்பிள் கோடு, பேட்ச் நம்பர் வரட்டும்.

படத்துல துகளை எண்ணறதுக்கு இமேஜ்ஜேங்கற மென்பொருள் இலவசம். குறைஞ்சது 200, முடிஞ்சா 500 துகள். படத்துல இருக்கற எல்லாத்தையும் எண்ணுங்க, ஓரத்துல வெட்டுப்பட்டதை மட்டும் விடலாம், கோணல் துகளை "இது கணக்குல வராது"ன்னு தூக்கிப் போட்டா அது சைஸ் பரவலையே பொய் ஆக்கிடும். எண்ணிக்கையும் ஹிஸ்டோகிராமும் பேப்பர்ல இருக்கணும். உயிரியல் சம்பந்தமான நானோ வேலைன்னா 2018ல நேச்சர் நானோடெக்னாலஜியில வந்த மிரிபெல் பட்டியலை ஆரம்பத்துலயே படிச்சுடுங்க, என்னென்ன தகவல் குறைஞ்சபட்சம் குடுக்கணும்னு அதுல இருக்கு. கடைசியில படிச்சா அந்த அளவீடெல்லாம் எடுக்க சாம்பிளே மிச்சம் இருக்காது.

இந்த துறையில நேர்மையான நம்பர் எவ்வளவு முக்கியம்னு ஒரு உதாரணம். 2016ல ஒரு ஆய்வு, பத்து வருஷமா வந்த பேப்பர்களை அலசி, ரத்தத்துல செலுத்தின நானோபார்ட்டிகிள்ல புற்றுக்கட்டிக்கு போய் சேர்றது நடு மதிப்பா 0.7%தான்னு காட்டிச்சு. அந்த நம்பர் நிறைய பேருக்கு கசப்பா இருந்துச்சு, ஆனா கல்லீரல் ஏன் மிச்சத்தைப் பிடிக்குது, எப்படி தவிர்க்கலாம்னு கேள்விகள் கூர்மையாச்சு. இன்னொரு பக்கம் லிப்பிட் நானோபார்ட்டிகிள், கல்லீரலுக்கு போறதையே பயனா மாத்தி, 2018ல ஆன்பட்ரோ மருந்தா வந்துச்சு, 2020ல எம்ஆர்என்ஏ தடுப்பூசியை சுமந்துட்டு வந்துச்சு.

9. பாதுகாப்பு

கரைசல்ல இருக்கற துகளை விட காய்ஞ்ச பவுடர்தான் ஆபத்து, ஏன்னா காத்துல பறக்கும், நுரையீரலோட அடி வரைக்கும் போகும். எடை போடறது, அரைக்கிறது எல்லாம் ஹூட் உள்ளயோ குளோவ் பாக்ஸ் உள்ளயோதான். துணி மாஸ்க் இதுக்கு உதவாது. நைட்ரைல் கிளவுஸ், கிழிஞ்சா உடனே மாத்துங்க. வெள்ளி, காட்மியம் கழிவை சிங்க்ல ஊத்தவே கூடாது, தனி பாட்டில்ல பேர் எழுதி சேருங்க. பொது லேப்ல கிளவுஸ் போட்ட கையோட கீபோர்டு, கதவுப் பிடியைத் தொடாதீங்க, அடுத்து வர்றவங்க வெறும் கையால தொடுவாங்க.

10. பேர், நன்றி, உரிமை

ஃபெசிலிட்டி சொல்ற அக்னாலெட்ஜ்மென்ட் வாசகத்தை, கிராண்ட் நம்பரோட, அப்படியே போடுங்க. அவங்களுக்கு அடுத்த வருஷ நிதி வர்றதே இந்த பேப்பர் கணக்கை வெச்சுதான், பேப்பர் வந்ததும் ஒரு காப்பி அனுப்புங்க. ஆப்பரேட்டர் வழக்கமான அளவீடு மட்டும் பண்ணினா நன்றி போதும். முறையை வடிவமைச்சாரு, டேட்டாவை விளக்கினாருன்னா அவர் இணை ஆசிரியர். கட்டணம் கட்டினோமேன்னு சொல்லி அவரை விட்டுடறது நியாயமே இல்ல. இதை அளவீட்டுக்கு முன்னாடியே கைடு முன்னிலையில பேசிடுங்க. காப்புரிமை எண்ணம் இருந்தா வெளிப்படை ஆராய்ச்சிங்கற பேர்ல ப்ரொபோசல் போடறதுக்கு முன்னாடி உங்க நிறுவனத்துல கேட்டுக்கோங்க, ரெண்டுக்கும் விதி வேற.

11. இதுல வேலை வாய்ப்பு எங்க இருக்கு

நிறைய பேருக்கு பேராசிரியர் வேலை ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது. பொது லேபுக்குள்ள போய் வந்தவங்களுக்கு வேற கதவுகளும் தெரியும். ஃபெசிலிட்டியிலயே ஸ்டாஃப் சயின்டிஸ்ட் ஆகலாம், அங்க யூசருக்கு உதவறதும் சொந்த ஆராய்ச்சியும் சேர்ந்து இருக்கும். மிஷின் தயாரிக்கிற கம்பெனிகள்ல அப்ளிகேஷன் சயின்டிஸ்ட்டுக்கு எப்பவும் தேவை இருக்கு, மிஷினை நல்லா ஓட்டவும் அதை மத்தவங்களுக்கு சொல்லிக்குடுக்கவும் தெரிஞ்ச ஆளு வேணும் அவங்களுக்கு. மருந்துக் கம்பெனி, பெயின்ட், பேட்டரி, செமிகண்டக்டர் எல்லாத்துலயும் துகள் சைஸை நம்பகமா அளக்கற ஆள் வேணும். தரநிலை, அளவியல் நிறுவனங்கள், ஒழுங்குமுறை அமைப்புகள் இன்னொரு பக்கம். நுண்ணோக்கிப் படத்தை தானா பகுத்து எண்ணற மென்பொருள் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு இப்போ நல்ல மதிப்பு.

இதுக்கு தயாராக ஒரே ஒரு டெக்னிக்கை எடுத்துக்கிட்டு ஆழமா போங்க. ஏழு மிஷின்ல மேலோட்டமா உக்காந்தவங்களை விட, ஒரு மிஷினை தனியா ஓட்டற அனுமதி வாங்கி, அது ஏன் தப்பு நம்பர் குடுக்கும்னு சொல்லத் தெரிஞ்சவங்களைத்தான் தேடறாங்க. சூப்பர் யூசர்னு சில லேப்ல ஒரு நிலை இருக்கும், மத்தவங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்க உதவலாம், வாய்ப்பு வந்தா தயங்காம எடுத்துக்கோங்க, ரெஃபரன்ஸ் கடிதம் எழுத கைடைத் தவிர இன்னொருத்தர் கிடைப்பாரு. யூசர் மீட்டிங், பட்டறை நடக்கும்போது போஸ்டர் போடுங்க, மாணவர்களுக்கு பயண உதவி பல இடத்துல குடுக்கறாங்க, விண்ணப்பிக்கறவங்க நீங்க எதிர்பார்க்கறதை விட குறைவுதான்.

போக வர காசு இல்லைன்னா முதல்ல தபால் முறை, ரிமோட் அளவீடு இருக்கான்னு கேளுங்க, பல மைக்ரோஸ்கோப்பை இப்போ திரைவழியா பகிர்ந்து ஓட்டறாங்க. அதுவும் முடியலைன்னா அந்த லேபோட பயிற்சி வீடியோ, கையேடு, பொதுவில் வெச்சிருக்கற டேட்டா செட்டை எடுத்து பகுப்பாய்வு பழகுங்க. ஸெனோடோ மாதிரி களஞ்சியத்துல டெம் படத் தொகுப்பு நிறைய கிடைக்கும், அதுல ஒண்ணை எடுத்து நீங்களே 500 துகளை எண்ணி, அவங்க பேப்பர்ல போட்ட சராசரியோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, ஒத்துப்போகலைன்னா ஏன்னு கண்டுபிடிச்சு அதை உங்க முதல் மெயில்லயே ஃபெசிலிட்டி ஆளுக்கு எழுதுங்க.